பவுடராக வரும் ஆன்டிபயாடிக் சிரப்: கலக்குவது, அளப்பது, ஊட்டுவது

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கி வந்து வீட்டில் பெட்டியைப் பிரித்தால், பாட்டிலின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பவுடர் மட்டும் கிடக்கும். கூடவே ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதல் குழந்தைக்கு முதல்முறை ஆன்டிபயாடிக் கொடுப்பவர்கள் திகைத்து நிற்கும் இடம் இது. அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் தண்ணீர் பட்டதுமே மெல்ல மெல்லச் சிதையத் தொடங்கிவிடும். அதனால்தான் பவுடராகவே விற்கிறார்கள். கடைசிக் கட்டத் தயாரிப்பு உங்கள் அடுப்படியில்தான் நடக்கிறது.

குழந்தையின் எடையைப் பார்த்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுத்தான் டாக்டர் அளவு எழுதுகிறார். அந்த அளவு அப்படியே குழந்தையின் உடம்புக்குள் போய்ச் சேர வேண்டுமானால் தண்ணீர், கரண்டி, கடிகாரம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். கிருமி சாகாமல் காய்ச்சல் திரும்பி வந்தால் "மருந்து கேக்கல" என்கிறோம். பல நேரங்களில் மருந்து நல்ல மருந்துதான், போய்ச் சேர்ந்த அளவுதான் போதவில்லை.

கடையை விட்டு நகருமுன்

பாட்டிலின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் உள்ள எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பலத்தில் மருந்து வரும். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த சிரப்பில் 228.5 என்றும் 457 என்றும் இரண்டு உண்டு. 5 மி.லி.யில் அத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று பொருள். செஃபிக்சிம் 50, 100 என்றும், அசித்ரோமைசின் 100, 200 என்றும் வரும். சீட்டில் 228.5 என்று இருக்க, கடையில் 457 மட்டும் இருந்து அதை மாற்றிக் கொடுத்தால், அதே 5 மி.லி. இரண்டு மடங்கு மருந்தாகிவிடும். பலம் மாறினால் எத்தனை மி.லி. என்பதும் மாற வேண்டும். அந்தக் கணக்கை டாக்டரோ மருந்தாளுநரோ போட்டு எழுதித் தரட்டும்.

கைக்குழந்தைகளுக்கு டிராப்ஸ் எழுதியிருந்தால் இன்னும் கவனம் தேவை. டிராப்ஸ் சிரப்பைவிடக் கெட்டியான மருந்து. அமாக்சிசிலின் டிராப்ஸில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். அதே அமாக்சிசிலின் 125 சிரப்பில் 1 மி.லி.க்கு 25 மி.கி.தான். டிராப்ஸ் கிடைக்கவில்லை என்று சிரப்பை அதே அளவில் கொடுத்தால் நான்கில் ஒரு பங்கு மருந்துதான் உள்ளே போகும். மாற்றிச் செய்தால் நான்கு மடங்கு போய்விடும்.

சீட்டில் 1-0-1 என்றோ பி.டி. என்றோ கிறுக்கியிருப்பதை ஊகித்துக்கொள்ள வேண்டாம். "ஏனுங்க, ஒரு வேளைக்கு எத்தனை எம்.எல்.ங்க? நாளைக்கு எத்தனை வேளைங்க? எத்தனை நாளைக்குக் குடுக்கோணுங்க?" என்று மூன்றையும் கேட்டு, பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். "ஒரு மூடி", "அரைக் கரண்டி" என்று பதில் வந்தால் மறுபடியும் மி.லி. கணக்கில் கேளுங்கள்.

அப்படியே எத்தனை பாட்டில் தேவை என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு பாட்டில் கலக்கினால் பெரும்பாலும் 30 மி.லி. வரும். வேளைக்கு 4 மி.லி., நாளைக்கு 2 வேளை, 5 நாள் என்றால் மொத்தம் 40 மி.லி. வேண்டும். ஒரு பாட்டில் நாலாம் நாள் முடியும் முன்பே தீர்ந்துவிடும். பாட்டில் காலியானால் மருந்து முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிடுவது இங்கே நிறையவே நடக்கிறது. நாள் கணக்கை முடிவு செய்பவர் டாக்டர். பாட்டிலின் கொள்ளளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு பாட்டில் வாங்கினால் இரண்டாவதைப் பவுடராகவே வைத்திருங்கள். முதல் பாட்டில் தீர்ந்த பிறகு கலக்கினால் போதும்.

பாட்டிலைத் தட்டிப் பாருங்கள். பவுடர் உதிரியாகக் குலுங்க வேண்டும். கட்டி தட்டி, மஞ்சள் பூத்துக் கிடந்தால் ஈரம் புகுந்திருக்கிறது, மாற்றி வாங்குங்கள். சீல், காலாவதித் தேதி இரண்டையும் பார்த்துவிட்டு, கூடவே ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். சில ரூபாய்தான் ஆகும், இந்த வேலையில் அதைவிட உதவும் பொருள் வேறில்லை.

செஃபிக்சிம், செஃபோடாக்சிம் போன்ற மருந்துகள் 2014 மார்ச் முதல் அரசின் எச்1 மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. சீட்டைப் பார்த்துக் கொடுக்கும்போதும் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பெயர் கேட்டால் கோபப்படாதீர்கள், அவர் சட்டப்படி நடக்கிறார்.

கைநடுக்கமாகவோ பயமாகவோ இருந்தால் "தண்ணி கலக்கியே குடுத்திருங்க" என்று கேட்கலாம். நல்ல மருந்தாளுநர் மறுக்க மாட்டார். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போக வேண்டியிருந்தாலும் ஒன்றும் ஆகாது, வெயில் படாமல் பைக்குள் வைத்துக்கொண்டால் போதும். வண்டியின் டேங்க் கவரில் மட்டும் வைக்காதீர்கள்.

எந்தத் தண்ணீர்

பெட்டிக்குள்ளேயே தண்ணீர்க் குப்பி இருந்தால் அதுதான். வேறு தண்ணீர் வேண்டாம்.

இல்லையென்றால் குடிதண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, மூடிவைத்து, முழுக்க ஆறவிட்டு எடுங்கள். சிறுவாணித் தண்ணீரோ பவானித் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ, கேன் தண்ணீரோ, எதுவானாலும் கொதிக்க வைத்தே எடுங்கள். தோட்டத்துச் சாளையில் போர்த் தண்ணீரை மட்டும் நம்பி இருப்பவர்கள் கவனிக்க: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. உப்பத் தண்ணியில் மருந்து கலக்க வேண்டாம், குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணியை எடுங்கள்.

ஆறுவதற்குப் பொறுமை இல்லாமல் வெதுவெதுப்பாக ஊற்றுவது பெரிய தவறு. சூடு மருந்தைச் சிதைக்கும். தொட்டால் சூடே தெரியக் கூடாது.

கலக்குவது

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூடியைத் திறக்கும் முன்பே பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி, அடியில் ஒட்டிய பவுடரை உதிர்த்துவிடுங்கள். உதிர்க்காமல் தண்ணீர் ஊற்றினால் அடியில் களியாகக் கட்டிவிடும். பிறகு எத்தனை குலுக்கினாலும் கரையாது.

2. பாட்டில் மேலோ லேபிளிலோ ஒரு கோடு அல்லது அம்புக்குறி இருக்கும். அதைக் கண்டுபிடியுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் வளையம் போல மேடாகவும் இருக்கலாம்.

3. வேண்டிய தண்ணீரில் பாதியை ஊற்றி, மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள்.

4. நுரை அடங்கும் வரை பாட்டிலைத் தரையில் வையுங்கள். நுரையோடு பார்த்தால் கோட்டைத் தொட்டது போலத் தெரியும், அடங்கியதும் கீழே இறங்கிவிடும்.

5. மீதித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கோடு வரை கொண்டுவாருங்கள். பாட்டிலைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள், மேலிருந்து பார்த்தால் தப்பாகும். மறுபடி குலுக்கி, மட்டம் இறங்கியிருந்தால் கோடு வரை நிரப்புங்கள்.

6. கலக்கிய தேதியையும் நேரத்தையும் லேபிளில் எழுதுங்கள்.

கோட்டுக்கு ஏன் இத்தனை பாடு? 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள 30 மி.லி. பாட்டிலில் மொத்தம் 1500 மி.கி. மருந்து இருக்கிறது. கோட்டைத் தாண்டிக் கழுத்து வரை ஊற்றி அது 40 மி.லி. ஆகிவிட்டால், ஒவ்வொரு 5 மி.லி.யிலும் 187.5 மி.கி.தான் இருக்கும். கால்வாசி மருந்து குறைந்துபோகிறது, அதுவும் எல்லா வேளையிலும். தண்ணீர் குறைந்து 25 மி.லி. ஆனால் வேளைக்கு 300 மி.கி. போகும். பெட்டியில் 30 மி.லி. என்று போட்டிருக்கிறதே என்று 30 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றுவதும் தப்பு. பவுடரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து கோட்டைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

கோட்டைத் தாண்டிவிட்டதா? மேலே நிற்பதைக் கொட்டிச் சரிசெய்ய முடியாது, மருந்தும் சேர்ந்தே போய்விடும். வேறு பாட்டில் வாங்குவதுதான் வழி. காசு போனாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு வேளையும் குலுக்கி, அளந்து

சர்க்கரை கரைவது போல இந்த மருந்து முழுக்கக் கரைவதில்லை. துகள்களாக மிதந்து, சும்மா வைத்தால் அடியில் இறங்கிவிடும். குலுக்காமல் எடுத்தால் முதல் இரண்டு நாள் தண்ணியான மருந்து போகும், கடைசி இரண்டு நாள் கெட்டியாகப் போகும். கிருமி வலுவாக இருக்கும் முதல் நாளில் மருந்து குறைவாகவும், முடிவில் வயிற்றைக் கலக்கும் அளவுக்கு அதிகமாகவும் சேர்வது இப்படித்தான். காலையில் குலுக்கியிருந்தாலும் ராத்திரி மறுபடி குலுக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது கெட்டியாக இருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் குலுக்குங்கள். சூடு தண்ணீரில் வைத்து இளக்க வேண்டாம்.

அளப்பதற்குச் சமையலறைக் கரண்டி உதவாது. ஒரு தேக்கரண்டி 5 மி.லி. என்பது கணக்குப் புத்தகத்தில். வீட்டு ஸ்பூன்கள் சிலவற்றில் 3 மி.லி. கூடக் கொள்ளாது, சிலவற்றில் 7 மி.லி. பிடிக்கும். சங்கும் பாலாடையும் பால் ஊட்டுவதற்கு நல்லவை, அளப்பதற்கு அல்ல. பாட்டிலோடு வரும் சின்ன மூடியில் 2.5, 5, 10 என்று கோடுகள் இருக்கும். சரியாக 5 மி.லி. என்றால் சமதளத்தில் வைத்து அதில் அளக்கலாம். 3 மி.லி., 3.5 மி.லி. என்று வந்தால் சிரிஞ்சுதான்.

சிரிஞ்சில் ஊசி இருந்தால் முதலில் அதைக் கழற்றிக் குழந்தை கை படாத இடத்தில் போடுங்கள். முனையில் சின்னத் தொப்பி போன்ற மூடி இருந்தால் அதையும் தூக்கி எறியுங்கள், குழந்தையின் தொண்டையில் சிக்கும். மருந்தை ஒரு சுத்தமான சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, அதிலிருந்து இழுங்கள். காற்றுக்குமிழி வந்தால் முனையை மேலே பிடித்துத் தட்டி, மெல்ல அழுத்தி வெளியேற்றுங்கள். கறுப்பு ரப்பரில் மருந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல் விளிம்பு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அளவு, அடி விளிம்பு அல்ல. கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

ஊட்டுவது

படுக்கப் போட்டு ஊட்டக் கூடாது. குழந்தையை மடியில் வைத்து, தலையை முழங்கை மடிப்பில் தாங்கி, கொஞ்சம் நிமிர்ந்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சின் முனையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு, ஒரு மி.லி. போல மெதுவாக அழுத்துங்கள். விழுங்கட்டும், பிறகு அடுத்தது. தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். மூக்கைப் பிடித்து ஊற்றுவதும், வீறிட்டு அழும்போது ஊற்றுவதும் ஆபத்து, மருந்து மூச்சுக்குழலுக்குள் போகலாம். ஒரு நிமிடம் தேற்றிவிட்டுக் கொடுங்கள்.

பால் பாட்டிலில் கலந்துவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குழந்தை பாதிப் பாலோடு தூங்கிவிட்டால் பாதி மருந்து பாட்டிலிலேயே நின்றுவிடும், எத்தனை போனது என்றும் தெரியாது. மருந்தை முதலில் கொடுத்து, பின்னால் தாய்ப்பால் கொடுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குக் கசப்பு போக ஒரு சிட்டிகை கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையோ ஒரு வாய் வாழைப்பழமோ கொடுக்கலாம். தேன் மட்டும் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தைகளுக்குத் தசைத்தளர்ச்சி நோயை உண்டாக்கும்.

கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்தைச் சாப்பாடு தொடங்கும்போது கொடுத்தால் வயிறு அதிகம் தொந்தரவு செய்யாது. உரை மருந்து, வசம்பு, கசாயம் ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் திட்டினாலும் சரி.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிரப்புக்குப் பதில் கரையும் அமாக்சிசிலின் மாத்திரை தரலாம். அது குறைந்த மருந்தல்ல. ஆறிய தண்ணீர் அல்லது தாய்ப்பால் ஒரு ஸ்பூனில் எடுத்து மாத்திரையைப் போட்டால் கரைந்துவிடும். அப்போதே முழுவதும் கொடுத்துவிட வேண்டும்.

நேரமும், யார் கொடுப்பது என்பதும்

நாளைக்கு 2 வேளை என்றால் 12 மணி நேர இடைவெளி. காலை 7, ராத்திரி 7 என்று வைத்துக்கொள்ளலாம். 3 வேளை என்றால் 8 மணி நேரம்: காலை 6, மத்தியானம் 2, ராத்திரி 10. காலை 9, மத்தியானம் 1, பொழுது சாய 6 என்று பகலிலேயே மூன்றையும் அடக்கிவிட்டால், ராத்திரி முழுக்க 15 மணி நேரம் ரத்தத்தில் மருந்து வற்றிப்போய் கிருமி மறுபடி பெருகும். பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ போகும் குழந்தைக்கு மத்தியான வேளை கஷ்டம் என்றால், 2 வேளை மருந்தாக எழுத முடியுமா என்று முதலிலேயே டாக்டரைக் கேளுங்கள்.

திருப்பூர், ஈரோடு பக்கம் அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போகும் வீடுகளில் குழந்தை பகலில் ஆத்தாவிடமோ அம்மிச்சியிடமோ இருக்கும். அம்மா கொடுத்திருப்பாள் என்று ஆத்தா விட்டுவிடுவதும், கொடுக்கவில்லை என்று நினைத்து இரண்டாம் முறை கொடுப்பதும் அடிக்கடி நடக்கும். காலண்டர் தாளில் நாளும் வேளையும் கட்டம் போட்டு, பாட்டிலோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவையுங்கள். கொடுத்ததும் ஒரு டிக். எழுத்துப் படிக்காத ஆத்தாவுக்கும் டிக் போடத் தெரியும். சிரிஞ்சில் அளவுக்கு நேராகப் பெர்மனென்ட் மார்க்கரில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால், எண் பார்க்கக் கண் தெரியாதவர்களும் சரியாக எடுப்பார்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், ஞாபகம் வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்துக்குக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

எங்கே வைப்பது

அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம் கலக்கிய பிறகு ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், 2 முதல் 8 டிகிரிக்குள். ஃப்ரீசரில் வேண்டாம். கதவுத் தட்டிலும் வேண்டாம், அங்கே சூடு ஏறி இறங்கும். ஆனால் எல்லா ஆன்டிபயாடிக்கும் ஃபிரிட்ஜுக்குப் போகாது. கிளாரித்ரோமைசினைக் குளிரில் வைத்தால் கெட்டியாகிக் கசப்பும் கூடும். லேபிளில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கலக்கிய பின் எத்தனை நாள் வைக்கலாம் என்பதும் அங்கேயே இருக்கும், பெரும்பாலானவற்றில் 7 நாள். பெட்டியில் அச்சடித்த காலாவதித் தேதி பவுடருக்கு, கலக்கிய மருந்துக்கு அல்ல.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். மூடியே வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போகும் என்றால், ஐஸ் கட்டியை ஒரு கவரில் கட்டிப் பிளாஸ்க்கில் போட்டு, மேலே துணி மடித்து, பாட்டிலை அதன்மேல் வையுங்கள். பாட்டில் ஐஸை நேராகத் தொட வேண்டாம். நோம்பிக்கு ஊருக்குப் போகும்போதும் இதே ஏற்பாடுதான்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, குளிர் தேவைப்படாத மருந்தாகப் பார்த்து எழுதுவார். மண்பானைக்குள் வைப்பது சித்திரை வெயிலுக்குக் கொஞ்சம் குளுமை தரும், ஃபிரிட்ஜுக்கு ஈடாகாது. நிறம் பழுப்பாக மாறினால் அந்தப் பாட்டிலை நிறுத்திவிடுங்கள்.

வாந்தி, பேதி, தடிப்பு

கொடுத்து அரை மணி நேரத்துக்குள் முழுக்க வாந்தி எடுத்தால், குழந்தை அடங்கியதும் அதே அளவை மறுபடி ஒருமுறை கொடுக்கலாம். அரை மணி தாண்டியிருந்தால் வேண்டாம், மருந்து பெரும்பாலும் உள்ளே போயிருக்கும். ஒவ்வொரு வேளையும் வாந்தி என்றால் டாக்டரிடம் போய் மருந்தை மாற்ற வேண்டும். தொக்கம் எடுக்கலாம் என்று அலைந்து இரண்டு வேளை மருந்தைத் தவற விடாதீர்கள்.

இளக்கமாக இரண்டு மூன்று முறை வெளிக்குப் போவது சாதாரணம், கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்தில் இன்னும் அதிகம். மருந்தை நிறுத்தாமல் தண்ணீர்ச் சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் என்று பொட்டலத்தைப் பிரித்துக் கரைத்தால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். மலத்தில் ரத்தமோ சளியோ வந்தாலும், குழந்தை சோர்ந்து ஒன்றுக்குப் போவது குறைந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு.

தோலில் தடிப்புகள் அரிப்போடு மேடு மேடாகக் கிளம்பினால் மருந்தை நிறுத்தி உடனே டாக்டரைப் பாருங்கள். உதடு, கண், முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், குரல் கரகரத்தால், குழந்தை துவண்டு விழுந்தால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், 108க்கு அழையுங்கள். சில குழந்தைகளுக்கு அமாக்சிசிலின் தொடங்கிச் சில நாள் கழித்து, அரிப்பில்லாத தட்டையான சிவப்புப் புள்ளிகள் வரும். அது எல்லா நேரமும் ஒவ்வாமை அல்ல, ஆனால் அதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடலாம். எந்த மருந்துக்கு என்ன வந்தது என்று குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிவையுங்கள்.

2 அல்லது 3 நாள் சரியாகக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள். காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டுவிட்டது என்றால் நல்லது, ஆனால் சொன்ன நாள் வரை கொடுங்கள். நாளைக் குறைப்பதா கூட்டுவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

மிஞ்சினால்

நாள் முடிந்தும் பாட்டிலில் 10 மி.லி. நிற்கலாம். அடுத்த சளிக்கு ஆகும் என்று எடுத்து வைக்காதீர்கள். அது வாரத்தில் கெட்டுவிடும், தவிர சாதாரணச் சளி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பதும் வேண்டாம், அந்தக் குழந்தையின் எடை வேறு, நோய் வேறு. கன்றுக்குட்டிக்கும் கோழிக்கும் ஊற்றிவிடுவதும் தவறு. வாய்க்காலிலோ கிணற்றிலோ கொட்டினால் அங்குள்ள கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிப்போகும். பயன்படுத்திய டீத்தூளோ மண்ணோ போட்டுப் பிசைந்து, ஒரு கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். காலிப் பாட்டிலின் லேபிளில் குழந்தை பெயர் இருந்தால் கிழித்துவிடுங்கள். சிரிஞ்சையும் அடுத்த முறைக்கு வைக்காமல் அதோடு போட்டுவிடுங்கள், எண்கள் அழிந்திருக்கும், ரப்பரும் இறுகியிருக்கும்.